நட்டு கழன்றது, சக்கரம் கழலவில்லை

நான் பட்டறையில் சேர்ந்த இரண்டாவது வருடம். இரவு பத்தரை மணிக்கு முதலாளிக்கு ஒரு போன். கண்டமனூர் தாண்டி ரோட்டோரம் ஒரு ஆம்னி நிற்கிறது. வருசநாட்டுப் பக்கமிருந்து மூச்சுத்திணறலோடு ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டி. பின்சக்கரம் பஞ்சர். டிரைவர் ஜாக்கி போட்டுத் தூக்கி நாலு நட்டையும் கழற்றிவிட்டார். ஸ்டெப்னி காற்றோடு தயாராகப் பக்கத்தில் கிடக்கிறது. சக்கரம்தான் வரவில்லை. இழுத்தார், உதைத்தார், கூட வந்தவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். பற்றவைத்த மாதிரி அப்படியே நிற்கிறது.

சம்மட்டியையும் ஒரு பாட்டில் மண்ணெண்ணெயையும் எடுத்துக்கொண்டு நான் டிவிஎஸ் 50-இல் போய்ச் சேர்வதற்குள், தேனிக்குப் போன ஒரு பால் வண்டியை மறித்துப் பெரியவரை ஏற்றிவிட்டிருந்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் மதியம் அந்த டிரைவர் பட்டறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, எட்டு மாசத்துக்கு முன்னாடி இந்தச் சக்கரத்தக் கடைசியா மாட்டுனது நீதானப்பா?" என்று மட்டும் கேட்டார்.

நான்தான். பிரேக் ஷூ மாற்றிவிட்டு, ஹப்பில் இருந்த துருவைத் துணியால்கூடத் துடைக்காமல் சக்கரத்தைத் தூக்கி மாட்டி, ஸ்பானரில் ஏறி மிதித்து இறுக்கி அனுப்பினேன். வேகமாக வேலை முடிக்கிற பையன் என்று முதலாளியிடம் பெயர் வாங்கும் ஆசை. நான் மிச்சப்படுத்திய ஐந்து நிமிடத்துக்கு அந்தப் பெரியவர் ரோட்டோரத்தில் மூச்சுக்குத் தவித்தார்.

பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டுக் கடமலைக்குண்டிலோ மயிலாடும்பாறையிலோ ஆண்டிபட்டியிலோ ஒரு பட்டறையில் ஹெல்பராக நிற்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். ஹப்போடு ஒட்டிக்கொண்ட சக்கரத்தைக் கழற்றும் முறையைச் சொல்கிறேன். நீங்கள் மாட்டி அனுப்பும் சக்கரம் அடுத்த தடவை, இருட்டில், யாரோ ஒருவருடைய வெறும் கைக்கு வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறேன். இரண்டாவதில்தான் நம் தொழில் இருக்கிறது.

ஏன் ஒட்டுகிறது

சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பைப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு மேடு துருத்திக்கொண்டிருக்கும். ரிம்மின் நடு ஓட்டை அந்த மேட்டில்தான் உட்காருகிறது. மாருதி, ஹூண்டாய் சின்னக் கார்கள் பலவற்றில் அந்த ஓட்டையின் விட்டம் 54.1 மில்லிமீட்டர். மேட்டுக்கும் ஓட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். சக்கரம் ஆடாமல் சுற்ற அந்த இறுக்கம் வேண்டும். சங்கடமும் அங்கேதான் தொடங்குகிறது.

இரும்பு துருப்பிடித்தால் குறையாது, ஊதும். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே இடம் பிடிக்கும். மயிரிழை இடைவெளியில் அதற்கு இடம் ஏது? ரிம்மை உள்ளிருந்து நாலாபக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. அலாய் வீல் என்றால் இன்னும் மோசம். அலுமினியமும் இரும்பும் ஈரத்தோடு சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகப் பூத்து இடுக்கை அடைத்துவிடும். பளபளப்பான அலாய் மாட்டிய கார்தான் பட்டறையில் அதிக நேரம் எடுப்பது இதனால்தான்.

நம் பகுதியில் காரணங்கள் கூடுதல். மூல வைகையில் தண்ணீர் வரும் ஐப்பசி, கார்த்திகையில் தரைப்பாலத்தில் இறங்கி ஏறாத வண்டி எது? ஓட்டத்தில் சூடான ஹப் ஆற்றுத் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது, ஈரமும் வண்டல் மண்ணும் இடுக்கெல்லாம் புகுந்துவிடும். உரமூட்டையும் கோழி எருவும் ஏற்றுகிற 'சின்ன யானை' சரக்கு வண்டிகளில் அவற்றின் உப்பு துருவைத் துரிதப்படுத்தும். இலவம் பஞ்சு சீசனுக்கு மட்டும் ஓடிவிட்டு மிச்ச மாதமெல்லாம் புளியமரத்தடியில் நிற்கும் வண்டியில், ஓடும் வண்டியைவிட இறுக்கமாக ஒட்டியிருக்கும்.

இன்னொரு காரணம் புதியது; யாரும் அதிகம் யோசிக்காதது. முன்பெல்லாம் டியூப் டயர். பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றியே தீர வேண்டும். வருடத்தில் நாலைந்து தடவையாவது ஹப் வெளிச்சத்தைப் பார்க்கும். இப்போது டியூப்லெஸ். ஆணியைப் பிடுங்கி, பசைக் கயிறு செருகி, சக்கரம் வண்டியில் இருக்கும்போதே பஞ்சர் போட்டுவிடுகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் இரண்டு வருடம், மூன்று வருடம் சக்கரமே கழலாத கார்கள் இன்று சாதாரணம். டயர் வெடித்த அன்றைக்குத்தான் அது தெரியவருகிறது.

கை வைக்கும் முன்

வண்டி வந்ததும் உரிமையாளரிடம் முதல் கேள்வி: "அண்ணே, கடைசியா எப்பக் கழட்டுனீங்க?" இரண்டாவது: "எங்க கழட்டுனீங்க?" ஏர் கன் வைத்து இறுக்கும் கடையில் என்றால், நட்டே உங்களோடு மல்லுக்கட்டும் என்று தெரிந்துகொள்ளலாம். நட்டிலும் அது ஏறியிருக்கும் ஸ்டட்டிலும் ஆயில் விட்டு முதலிலேயே ஊறவையுங்கள்.

ஸ்பானர் அளவு சரியாக இருக்க வேண்டும். மாருதிக்கு 19, ஹூண்டாய்க்கு 21, வோக்ஸ்வேகனுக்கு 17. அறுமுக சாக்கெட் போடுங்கள். பன்னிரண்டு முகம் நட்டின் முனையைத் தேய்க்கும். ஐரோப்பியக் கார்கள் சிலவற்றில் ஸ்டட் கிடையாது. போல்ட்டே ஹப்புக்குள் இறங்கும். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளிலும் பழைய லாரிகளிலும் இடதுபக்கச் சக்கரத்துக்கு எதிர்மரை இருக்கும். 'எல்' என்று பொறித்திருக்கிறதா என்று பார்க்காமல் தம் கட்டித் திருகி, ஸ்டட்டை முறித்து முழித்த ஹெல்பர்கள் உண்டு.

அலாய் வீல் என்றால் நாலு நட்டில் ஒன்று தனி வடிவில் பூட்டு நட்டாக இருக்கலாம். அதற்கான சாவி டாஷ்போர்டிலோ டூல்ஸ் பையிலோ கிடக்கும். அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். ஆனால் ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சமதளம். வண்டி கியரில். ஹேண்ட்பிரேக். எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். நட்டின் முதல் இறுக்கத்தைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே உடைத்துவிட்டுப் பிறகு தூக்குவது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லாத ரோட்டோரத்தில் ஸ்டெப்னியைப் படுக்கவைத்து பாடிக்கு அடியில் தள்ளுங்கள். ஒட்டிய சக்கரத்தை அடிக்கிற அடியில் வண்டி ஆடும். ஆடுகிற வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். உடம்பில் எந்தப் பாகமும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, தலை மட்டும் என்றாலும். ரப்பர் செருப்போடு இந்த வேலைக்கு வராதீர்கள். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு ஷூ வாங்குங்கள்.

கழற்றும் முறை

எல்லா நட்டையும் கழற்றி ஓரம் வைத்துவிடாதீர்கள். எதிரெதிராக இரண்டு நட்டை நாலைந்து மரை அளவுக்கு மாட்டி விடுங்கள். ஒட்டிய சக்கரம் விடும்போது மெதுவாக விடாது, எகிறும். அந்த இரண்டு நட்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் முழங்கால் தப்பும்.

அடுத்து ஊறவைப்பது. நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் மேடும் ரிம்மும் சேரும் வட்டக்கோடு தெரியும். அந்தக் கோட்டிலும் ஸ்டட் ஓட்டைகளிலும் துரு நீக்கும் ஸ்பிரே கொஞ்சம் அடியுங்கள். டபிள்யூ.டி.40 இல்லாத இடத்தில் டீசலோ மண்ணெண்ணெயோ போதும். நிதானமாக வேலை செய்யும். சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஊற்றாதீர்கள். வழிந்து டிஸ்க்கிலோ டிரம்முக்குள்ளோ போனால் பிரேக் பிடிக்காது. இருபது நிமிடம் விடுங்கள். பட்டறையில் பொறுமை இழக்கிற இடம் இதுதான். ஊறும் நேரத்தில் அடுத்த சக்கரத்தின் நட்டைப் பாருங்கள், ஏர் ஃபில்டரைத் தட்டுங்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள். சம்மட்டியை மட்டும் எடுக்காதீர்கள்.

ஊறிய பிறகு அதிர்வு கொடுக்க வேண்டும். துரு அழுத்தத்தைத் தாங்கும். அதிர்வைத் தாங்காது, பொடியாகும். ரப்பர் சுத்தியல், அல்லது மரக்கட்டையை வைத்து அதன்மேல் சம்மட்டி. டயரின் பக்கவாட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று. சக்கரம் சுற்றுமென்றால் கால் சுற்று திருப்பி மறுபடியும். ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் ரிம் சாய்ந்து இன்னும் இறுகும். இரும்புச் சுத்தியல் ரிம்மில் நேரடியாகப் படவே கூடாது. இரும்பு ரிம் நெளியும், அலாய் வெடிப்பு விடும். அந்த வெடிப்பு அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாமல், பிறகு காற்று கசியும்போது தெரியவரும்.

சுத்தியல் இல்லாவிட்டால் குதிகால் இருக்கிறது. சக்கரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, டயரின் அடிப்பக்கத்தை இடதும் வலதும் மாற்றி மாற்றி உதையுங்கள். வண்டி ஸ்டாண்டில் இருந்தால் மட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உதைக்காதீர்கள்.

இதற்கும் வராத சக்கரத்துக்கு ஒரு முறை உண்டு. இதை எனக்குக் கற்றுத்தந்தவர் போடியில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு ஜீப் டிரைவர். போடிமெட்டு வளைவில் தனியாக நின்று டயர் மாற்றிப் பழகியவர்களுக்கு எந்தப் பட்டறையும் தேவைப்படுவதில்லை. கழற்றிய நட்டுகளை எல்லாம் திரும்ப மாட்டி, கையால் முட்டவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். வண்டியைக் கீழே இறக்குங்கள். ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். ஸ்டார்ட் செய்து நடக்கும் வேகத்தில் இரண்டு மூன்று அடி முன்னே, பிரேக். இரண்டு மூன்று அடி பின்னே, பிரேக். முன்சக்கரம் என்றால் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முழுக்க இடமும் வலமும் திருப்பினாலும் போதும். வண்டியின் எடையே துருவை உடைக்கும். 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். கேட்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ஓர் அடி ஓட்டினாலும் ஸ்டட்டின் மரை நசுங்கும். சரிவில் இதைச் செய்யக் கூடாது, போக்குவரத்து இருக்கும் ரோட்டின் நடுவிலும் கூடாது.

கண்டமனூர் ரோட்டில் அன்று இரவு இது தெரிந்திருந்தால் சுத்தியலே தேவைப்பட்டிருக்காது. பஞ்சரான டயரில் நாலடி உருட்டுவதால் என்ன குறைந்துவிடும்? அந்த டிரைவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சக்கரம் வந்த பிறகு டிரம் வராத கதை தனி. பழைய மாருதிகளின் பின்சக்கரத்தில் இது அடிக்கடி நடக்கும். டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் காலியாக இருக்கும். அழகுக்கு வைத்தவை அல்ல. ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிட்டு, அந்த இரண்டிலும் 8 மில்லிமீட்டர் போல்ட்டை மாட்டி, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். போல்ட்டின் முனை ஹப்பில் ஊன்றி டிரம்மைத் தானாக வெளியே தள்ளும். கம்பெனிக்காரன் நமக்காகவே விட்ட வழி அது. அதைப் பார்க்காமல் டிரம்மின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செய்யக் கூடாதது

தீ வைக்காதீர்கள். கேஸ் வெல்டிங் வைத்திருக்கும் பட்டறைகளில் "லேசாச் சூடு காட்டுனா விட்டுரும்" என்பார்கள். விடும்தான். டயர் மாட்டியிருக்கும் ரிம்மைச் சூடாக்கினால் உள்ளே ரப்பர் வெந்து எரியும் வாயு உண்டாகும். அழுத்தம் ஏறி டயர் வெடிகுண்டு மாதிரி வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டோம் என்ற தைரியமும் வேண்டாம். தீயை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துக்கூட வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அபூர்வம். முதலாளியே சொன்னாலும் இந்த ஒரு வேலையை மட்டும் மறுக்கலாம். "அண்ணே, இன்னும் அரை மணி நேரம் ஊறட்டும்ணே, நானே கழட்டித் தர்றேன்" என்று சொல்லுங்கள். நல்ல முதலாளி கேட்பார். கேட்காதவரிடம் எவ்வளவு நாள் வேலை பார்ப்பது என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

டிஸ்க்குக்கும் ரிம்முக்கும் நடுவே கடப்பாரை விட்டு நெம்பாதீர்கள். டிஸ்க் கோணும், பிறகு ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டீயரிங் ஆடும். ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் ஹப்புக்குப் பின்னால் சென்சார் ஒயர் இருக்கும். கண்மூடித்தனமாக உள்ளிருந்து அடித்தால் முதலில் போவது அதுதான்.

உரிமையாளரிடம் பேசுவது

"என்ன தம்பி, ஒரு சக்கரத்தக் கழட்டவா ஒரு மணி நேரம்?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். முகம் சுளிக்காதீர்கள். ஸ்டட்டைச் சுற்றியிருக்கும் துருவை விரலால் தொட்டுக் காட்டுங்கள். "மூணு வருசமா கழட்டலண்ணே. அடிச்சா இப்பவே வந்துரும், ஆனா அலாய் வெடிப்பு விட்டுரும். இருபது நிமிசம் ஊறட்டும்." இவ்வளவு போதும். கண்ணால் பார்த்தவர் பிறகு பேரம் பேசுவது குறைவு.

ஸ்டட் முறியும் வாய்ப்பு இருந்தால் முறிவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். முன்னால் சொன்னால் அது எச்சரிக்கை. முறிந்தபின் சொன்னால் சாக்கு. கழற்றிய ஹப்பைச் செல்போனில் ஒரு படம், சுத்தம் செய்தபின் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எட்டு மாதம் கழித்து "கடைசியா மாட்டுனது நீதானப்பா?" என்று யாராவது கேட்டால் நிமிர்ந்து பதில் சொல்ல அந்தப் படம் உதவும். கூலியையும் மறைக்காமல் பிரித்துச் சொல்லுங்கள்: கழற்றியதற்கு இவ்வளவு, ஹப் சுத்தத்துக்கு இவ்வளவு. ஹப் சுத்தத்தைத் தனி வேலையாகச் சொன்னால்தான் அது ஒரு வேலை என்பது ஊருக்குத் தெரியும்.

மாட்டுவது

கழற்றும்போது நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மாட்டும்போது ஒருவரும் இருக்க மாட்டார்கள். ஆனாலும் வேலை இங்கேதான் முடிகிறது.

கம்பி பிரஷ்ஷை எடுங்கள். ஹப்பின் மேட்டையும், ரிம் வந்து ஒட்டும் தட்டை முகத்தையும், ரிம்மின் நடு ஓட்டையின் உள்விளிம்பையும் இரும்பு நிறம் தெரியும்வரை தேயுங்கள். மேட்டில் துரு கட்டியாக இருந்தால் உப்புத்தாள் போடலாம். அலாயின் உள்விளிம்புக்குக் கம்பி வேண்டாம், உப்புத்தாளே போதும். தட்டை முகத்தில் ஒரு துரும்பு துரு இருந்தாலும் சக்கரம் சாய்ந்து உட்காரும். இன்றைக்கு இறுக்கிய நட்டு, அந்தத் துரும்பு நசுங்கியதும் நாளைக்குத் தளரும். ஓடும்போது நட்டு கழன்ற விபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு மேட்டின் வளையத்தில் மட்டும், விரல் நுனியால் பொட்டு வைப்பதுபோல, ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்கள். தாமிர நிறத்தில் டியூபில் வரும். ஒரு டியூப் ஒரு பட்டறைக்குப் பல மாதம் வரும். அது கிடைக்காவிட்டால் நல்ல கிரீஸ் மெல்லிய படலமாக. தட்டை முகத்தில் வேண்டாம், டிஸ்க்கில் கூடவே கூடாது. ஸ்டட்டிலும் தடவாதீர்கள். "மரைக்கு எண்ணெய் விட்டா நல்லதுதானே?" என்று பழைய மெக்கானிக்குகளே கேட்பார்கள். எண்ணெய் பட்ட மரையில் உராய்வு குறையும். கையில் அதே பலத்தோடு இறுக்கினாலும் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். கார் கம்பெனிகள் சொல்லும் இறுக்க அளவு காய்ந்த மரைக்கு. கழற்றும்போது ஆயில் விட்டிருந்தால் துணியால் துடைத்துவிட்டு நட்டைப் போடுங்கள்.

இறுக்கம் எவ்வளவு? கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். சரியான அளவு வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். இந்த அளவு கைக்கு எப்படித் தெரியும்? அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 20 கிலோ எடை தொங்கினால் ஏறக்குறைய 98 நியூட்டன் மீட்டர். வண்டியோடு வரும் கால் மீட்டர் ஸ்பானரில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 170-ஐத் தாண்டும். நான் அந்த ஆம்னிக்குச் செய்தது அதுதான். அரை இஞ்ச் ஏர் கன்கள் பலவற்றுக்கு இதைவிடவும் பல மடங்கு பலம் உண்டு. கன்னை நட்டு முட்டும்வரை மட்டும் ஓட்டுங்கள். கடைசி இறுக்கம், அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்சில், சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, எதிரெதிர் நட்டாக. 'டிக்' என்ற சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். இன்னொரு தடவை 'டிக்' வைக்கும் பழக்கம் வேண்டாம்.

50, 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு தடவை இறுக்கத்தைப் பார்க்க வரச் சொல்லுங்கள். காசு வாங்காதீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் உங்களிடம் வந்துசேரும் வாடிக்கையாளர் அதற்குப் பிறகு தேனிக்குப் போக மாட்டார்.

தொழிலாக எடுத்தால்

வாங்கும் கருவிகளின் வரிசையில் பல தம்பிகள் ஏமாறுகிறார்கள். ஏர் கன்தான் கனவு. என் கணக்கில் அது கடைசி. முதலில் நல்ல அறுமுக சாக்கெட் செட், கம்பி பிரஷ், ரப்பர் சுத்தியல். அடுத்து ஒரு ஜோடி ஸ்டாண்ட். அதற்கடுத்து டார்க் ரெஞ்ச். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறைகள் நம் பக்கம் நிறைய. உங்கள் கையில் ஒன்று இருந்தால் மதுரையில் எந்தக் கம்பெனி ஷோரூமுக்கு வேலைக்குப் போனாலும் கை கூசாது; அங்கே அது இல்லாமல் ஒரு சக்கரமும் வெளியே போகாது.

பத்தாவது முடித்தவர்கள் ஐ.டி.ஐ-யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் பிரிவில் சேரலாம். இரண்டு வருடப் படிப்பு. அரசு ஐ.டி.ஐ-யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். படித்து முடித்ததும் தொழிற்பழகுநராக ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் நின்றுவிட்டு வாருங்கள். 1961-ஆம் வருடச் சட்டப்படி அதற்கும் ஊக்கத்தொகை உண்டு. பட்டறையிலேயே தொழில் கற்றவர்கள் சான்றிதழ் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது.

சொந்தப் பட்டறை போட நினைப்பவர்கள் தேனியில் மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத்துக்கு மானியம் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம். பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35. போவதற்கு முன் வாங்கப்போகும் கருவிகளுக்கு விலைப்பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் கையோடு போனால் திரும்பி வரச் சொல்வார்கள்.

"மின்சாரக் கார் வந்தா நம்ம பொழப்பு போயிருமாண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான். மின்சாரக் காருக்கும் சக்கரம் ஹப்பில்தான். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் டிஸ்க்குக்கு உரசல் குறைவு. உரசல் குறைந்தால் துரு கூடும். பனி உருக ரோட்டில் உப்புத் தூவுகிற கனடா, இங்கிலாந்து மாதிரியான நாடுகளில் ஒட்டிய சக்கரம் மெக்கானிக்குக்கு அன்றாடப் பாடு. ஹப்பைச் சுத்தம் செய்து மாட்டத் தெரிந்த கை எந்த ஊருக்குப் போனாலும் வேலை கேட்கலாம்.

ஒரு பழக்கத்தை மட்டும் என் பட்டறையில் கட்டாயமாக்கியிருக்கிறேன். வண்டியைச் சாவியோடு ஒப்படைக்கும் முன், வண்டியிலேயே இருக்கும் ஜாக்கியையும் ஸ்பானரையும் எடுத்து, ஓட்டுகிறவர் கையாலேயே ஒரு நட்டைத் தளர்த்தச் சொல்வோம். அவர் கைக்குத் தளராத நட்டை நாங்கள் இறுக்கியிருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியின் மரைக்குக் கிரீஸ் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுவோம்.

அந்த ஆம்னிக்காரர் என்னைவிட்டுப் போகவில்லை. அன்றைக்குப் பின்சக்கரம் இரண்டையும் கழற்றி, ஹப்பை என் கையாலேயே தேய்த்து மாட்டிக் கொடுத்தேன். அடுத்த வருடம் ஆடி மாதம், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன் பிரேக்கைப் பார்க்கச் சொல்லி வந்தார். நான் ஸ்பானரை எடுக்கப் போனேன். "இரு தம்பி, நான் கழட்டுறேன்" என்றார். தன் ஜாக்கியைப் போட்டார், நட்டைத் தளர்த்தினார், இரண்டு கையாலும் பிடித்து லேசாக ஆட்டினார். சக்கரம் கையோடு வந்தது. அதை முழங்காலில் சாய்த்துப் பிடித்தபடியே, ஹப்பைத் துடைக்க ஒரு துணி கேட்டார்.